மக்ரோவில் சேவ் பண்ணும்போது பழைய பைலுக்கு மேலேயே எழுதிவிடுகிறது: தடுப்பது எப்படி?

சுன்னாகம்_தட்டச்சு (கேள்வி)

வணக்கம். எங்கட கடையில் மூன்று கணினி, விண்டோஸ் 10, வேர்ட் 2016. கடிதம், சத்தியக்கடதாசி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே மாதிரியான மூலப் பைலில் இருந்துதான் அடிக்கிறோம். மூலப் பைல் டொக்எம் (மக்ரோ உள்ள வேர்ட் பைல்). அதில் ஒரு பட்டன். பட்டனை அமத்தினால் மக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) முதலாவது கன்டென்ட் கொன்ட்ரோலில் (நிரப்புகிற கட்டம்) இருக்கிற ஆளின் பெயரையும் அன்றைய திகதியையும் சேர்த்து ஒரு பைல் பெயர் உண்டாக்கி, சேவ்அஸ்2 (வேறு பெயரில் சேமிக்கும் கட்டளை) மூலம் பொது நெற்வேர்க் போல்டரில் சேமிக்கும்.

பிரச்சினை: ஒரே நாளில் இரண்டு சிவகுமார் வந்தால், அல்லது ஒரே சிவகுமார் இரண்டு கடிதம் அடித்தால், இரண்டாவது முதலாவதின் மேல் எழுதப்படுகிறது. ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இதே மாதிரி எக்ஸெலில் பில்லுக்கு ஒரு மக்ரோ இருக்குது, அது மட்டும் "ஏற்கெனவே இருக்கு, மாற்றவா?" என்று கேட்கிறது.

டிர் பங்ஷனை வைத்துப் பைல் இருக்கா என்று பார்க்கப் போட்டேன். ஆங்கிலப் பெயருக்குச் சரி. தமிழ்ப் பெயர் என்றால் இல்லாத பைலை இருக்கு என்கிறது. இருக்கிற பைலை ஒருமுறை இல்லை என்றது. இன்னொரு தொல்லை: வேலைக்கு வாற பிள்ளைகள் சிலவேளை பட்டனை விட்டிட்டு கொன்ட்ரோல் எஸ் அடிக்கிறார்கள், மூலப் பைலே மாறிப்போகுது.

ஒழுங்கான வழி எது?

---

வலிகாமம்_விபிஏ

முதல் கேள்விக்கு முதலில். வேர்டின் சேவ்அஸ்2 அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது: அந்தப் பெயரில் பைல் இருந்தால் கேட்காமலே மேலெழுதும். டிஸ்ப்ளேஅலர்ட்ஸை (எச்சரிக்கைப் பெட்டிகளைக் காட்டுவதா என்ற அமைப்பு) எப்படி வைத்தாலும் மாறாது. நீங்கள் கையால் எப்12 (சேவ் அஸ்) அடிக்கும்போது கேட்பது அந்த உரையாடல் பெட்டி. மக்ரோ அந்தப் பெட்டி வழியாகப் போவதில்லை. எக்ஸெலின் சேவ்அஸ் கேட்கும், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள், யாராவது டிஸ்ப்ளேஅலர்ட்ஸை ஃபோல்ஸ் ஆக்கினால் எக்ஸெல் தானே "ஆம்" என்று பதில் சொல்லிவிட்டு எழுதிவிடும். அதுவும் "வேண்டாம்" அமத்தினால் எரர் 1004 வந்து மக்ரோ நடுவில் நிற்கும்.

இருக்கிற பைலை டிர் "இல்லை" என்றதற்குத் தமிழ் காரணமாக இருக்காது. உங்கள் மக்ரோவில் பைல் பெயரின் கடைசியில் .டொக்எக்ஸ் என்ற நீட்சியை (பைலின் வகையைச் சொல்லும் பகுதி) எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பலர் நீட்சி இல்லாமல் பெயரைக் கட்டி, அந்தப் பெயரையே டிர்ருக்கும் கொடுத்து, சேவ்அஸ்2க்கும் கொடுப்பார்கள். டிர் தேடுவது "சிவகுமார்-20250310" என்ற நீட்சியில்லாத பைலை. அப்படி ஒன்று இல்லை, ஆகவே "இல்லை" என்கிறது. பிறகு வேர்ட் தானாகவே .டொக்எக்ஸை ஒட்டி, ஏற்கெனவே இருக்கிற கடிதத்தின் மேல் சேமிக்கிறது. சரிபார்ப்பு இருந்தும் பைல் போகிற இடம் இதுதான், நான் பார்த்த மக்ரோக்களில் பாதிக்கு இந்த ஓட்டை.

இதோடு ஒட்டிய இன்னொன்று இனிஷியல். "சி.சிவகுமார்" என்று புள்ளியோடு பெயர் கொடுத்தால், கடைசிப் புள்ளிக்குப் பிறகு வருவதை வேர்ட் நீட்சி என்று எடுத்துக்கொள்ளக்கூடும், அப்போது .டொக்எக்ஸ் ஒட்டப்படாது, பைலை டபிள் கிளிக் பண்ணினால் விண்டோஸ் எதில் திறப்பது என்று கேட்கும். ஆகவே எப்போதும் நீங்களே நீட்சியை எழுதுங்கள், பைல்போர்மற்றையும் எண்ணாகக் கொடுங்கள்: டொக்எக்ஸுக்கு 12, டொக்எம்முக்கு 13. மக்ரோ போகத் தேவையில்லாத முடிந்த கடிதத்துக்கு 12தான் பொருத்தம்.

பெயரைத் துப்புரவாக்காமல் பாவிக்காதீர்கள். கவனிக்க வேண்டியவை:

கன்டென்ட் கொன்ட்ரோல் நிரப்பப்படாமல் இருந்தால் அதன் டெக்ஸ்ட் "இங்கே கிளிக் செய்து எழுதவும்" என்ற மாதிரி வாசகமாகத்தான் வரும். அன்று பெயர் நிரப்ப மறந்த எல்லாக் கடிதமும் ஒரே பெயரில், ஒன்றின் மேல் ஒன்று. ஷோயிங்பிளேஸ்ஹோல்டர்டெக்ஸ்ட் (கட்டம் நிரப்பப்படவில்லை என்று காட்டும் பண்பு) ட்ரூவாக இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

பெயர் அட்டவணைக் கட்டத்தில் இருந்து ரேஞ்ச் வழியாக வருகிறதென்றால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்து (13, 7) ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டாவிட்டால் சேவ் எரர் தரும்.

திகதியை அப்படியே டேற் என்று ஒட்டினால் கணினியின் அமைப்பைப் பொறுத்துச் சாய்கோடு வரும். விண்டோஸ் அதைப் போல்டர் பிரிப்பாக எடுக்கும். போர்மற் பங்ஷன் பாவித்து வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எட்டு இலக்கமாக ஒட்டுங்கள். பெயர்ப்படி அடுக்கினாலும் திகதி ஒழுங்கில் நிற்கும். நேரமும் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு என் எழுத்து இரண்டு போடுங்கள், எம் போட்டால் சில இடத்தில் மாதமாகிவிடும். இடையில் முக்காற்புள்ளி வேண்டாம்.

பைல் பெயரில் விண்டோஸ் விடாத ஒன்பது குறிகள்: சாய்கோடு இரண்டு பக்கமும், முக்காற்புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், சிறியது, பெரியது, நிமிர்ந்த கோடு. ரிப்ளேஸ் மூலம் ஒவ்வொன்றையும் கோட்டுக்குறியாக மாற்றிவிடுங்கள். பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடிக்கிற கடை என்றால் இது கட்டாயம்: பாமினியில் "ஈ" என்பது உண்மையில் "சிறியது" குறிதான். ஈஸ்வரன் வந்த அன்றைக்கு மட்டும் மக்ரோ உடையும், ஏன் என்று யாருக்கும் விளங்காது.

---

கொக்குவில்_நெற்வேர்க்

மேலே சொன்னதெல்லாம் சரி. தமிழ்ப் பெயர் விஷயத்தை நான் சொல்கிறேன், இல்லாத பைலை இருக்கு என்றது அதனால்தான்.

டிர், கில், நேம், பைல்கொப்பி போன்ற விபிஏயின் (மக்ரோ எழுதும் மொழி) பழைய கட்டளைகள் பெயரை விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுதிக்கு மாற்றித்தான் அனுப்பும். தமிழுக்கு அப்படியொரு தொகுதி விண்டோஸில் இல்லவே இல்லை, அதனால் சிஸ்டம் லொக்கேலைத் தமிழுக்கு மாற்றினாலும் பிரயோசனம் இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். டிர்ருக்குக் கேள்விக்குறி என்றால் "எந்த எழுத்தும் வரலாம்" என்று பொருள்.

"சிவகுமார்" யூனிகோடில் ஒன்பது குறியீடு: ச, இகரக் குறி, வ, க, உகரக் குறி, ம, ஆகாரக் குறி, ர, புள்ளி. டிர் தேடுவது ஒன்பது கேள்விக்குறி. "செல்வராணி"யும் ஒன்பது குறியீடு. போல்டரில் செல்வராணியின் கடிதம் மட்டும் இருந்தாலும் டிர் "சிவகுமார் இருக்கிறார்" என்று சொல்லும். இதை வைத்து "இருந்தால் கில்லால் அழி, பிறகு சேமி" என்று யாராவது எழுதியிருந்தால் உடனே அந்த வரியைத் தூக்குங்கள். கில்லும் கேள்விக்குறியை அதே பொருளில்தான் எடுக்கும். அதே நீளப் பெயருள்ள, சம்பந்தமேயில்லாத ஆங்கிலப் பெயர்ப் பைல் அழியலாம்.

இதற்குப் பதில் பைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட் (பைல்களைக் கையாள விண்டோஸ் தரும் கருவி). கிரியேட்ஒப்ஜெக்ட்டுக்குள் ஸ்கிரிப்டிங் புள்ளி பைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட் என்று கொடுத்தால் போதும், ரெபரன்ஸ் எதுவும் டிக் பண்ணத் தேவையில்லை. அதன் பைல்எக்ஸிஸ்ட்ஸ் யூனிகோட் பெயரைச் சரியாகப் பார்க்கும், மறைக்கப்பட்ட பைலையும் பார்க்கும் (டிர் சும்மா கொடுத்தால் மறைந்ததைப் பார்க்காது).

ஆனால் உங்களுக்கு மூன்று கணினி. பைல்எக்ஸிஸ்ட்ஸும் போதாது. முதல் கணினி "இல்லை" என்று பார்த்த கணத்துக்கும் சேமிக்கிற கணத்துக்கும் இடையில் இரண்டாவது கணினியும் "இல்லை" என்று பார்த்துவிடலாம். சிறிய இடைவெளிதான், ஆனால் நெற்வேர்க் போல்டரில் வேர்ட் சேமிக்க எடுக்கிற நேரம் அவ்வளவு சிறியதும் இல்லை. ஆகவே "இருக்கா?" என்று கேட்டுவிட்டு எழுதுவதை விடுங்கள். இருந்தால் தானே மறுக்கிற கட்டளையால் கடைசிப் படியைச் செய்யுங்கள்.

பைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட்டின் மூவ்பைல் அப்படிப்பட்டது. போகுமிடத்தில் அதே பெயர் இருந்தால் மேலெழுதாது, எரர் 58 (பைல் ஏற்கெனவே இருக்கு) தரும். (கொப்பிபைலோடு குழப்ப வேண்டாம். அது மூன்றாவது இடத்தில் ஃபோல்ஸ் கொடுக்காவிட்டால் மேலெழுதும்.) வழி இது:

1. பொதுப் போல்டருக்குள்ளேயே தற்காலிகம் என்று ஒரு உட்போல்டர். வேறு டிரைவில் வேண்டாம். ஒரே டிரைவுக்குள் என்றால் நகர்த்தல் வெறும் பெயர்மாற்றம். டிரைவு மாறினால் முழுக் கொப்பி, நடுவில் கரண்ட் போனால் அரைப் பைல்.

2. கணினிப் பெயர் (என்விரோன் தரும்), திகதி, நேரம் மூன்றும் சேர்ந்த பெயரில் அந்த உட்போல்டருக்குள் சேவ்அஸ்2. இந்தப் பெயர் மோத வழியில்லை.

3. பிறின்ற் எடுத்துவிட்டு டொக்கியூமென்றைக் குளோஸ்.

4. சுழலில் எண் 1 இலிருந்து: "சிவகுமார்-20250310-01.டொக்எக்ஸ்" என்ற பெயருக்கு மூவ்பைல். எரர் 0 என்றால் முடிந்தது. 58 என்றால் எண்ணைக் கூட்டித் திரும்ப. வேறு எந்த எரர் வந்தாலும் சுழலை விட்டு வெளியே வந்து எண்ணைக் காட்டுங்கள். "58 இல்லாவிட்டாலும் திரும்பப் பார்" என்று எழுதினால் நெற்வேர்க் கேபிள் கழன்ற அன்று மக்ரோ முடிவில்லாமல் ஓடும்.

ஒன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்டை (எரர் வந்தாலும் நிற்காமல் தொடரச் சொல்லும் வரி) மூவ்பைல் வரிக்கு மேலே மட்டும் போடுங்கள். அடுத்த வரியில் எரர் எண்ணை ஒரு மாறிக்குள் எடுத்து வையுங்கள், அதற்குப் பிறகுதான் ஒன் எரர் கோடூ 0. ஒழுங்கை மாற்றினால் எண் அழிந்து எப்போதும் 0 என்றுதான் தெரியும்.

---

சுன்னாகம்_தட்டச்சு

இரண்டு பேருக்கும் நன்றி. நீட்சி விஷயம் அதேதான், .டொக்எக்ஸ் எழுதாமல்தான் விட்டிருந்தது.

மூவ்பைல் முறையைப் போட்டுப் பார்த்தேன். தற்காலிகத்துக்குள் சேமிக்கிறது, பிறின்ற் வருகிறது, குளோஸ் ஆகிறது, அதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. எரரும் இல்லை. தற்காலிகப் போல்டரில் பைல்கள் குவியுது. என்ன காரணம்?

இன்னொரு யோசனை: ஆளின் அடையாள அட்டை இலக்கத்தைப் பைல் பெயரில் போட்டால் மோதவே மோதாதுதானே?

---

மானிப்பாய்_ஒபிஸ்

நிற்பதற்குக் காரணம் மக்ரோ இருக்கிற இடம். கோட் அந்த டொக்எம்முக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் குளோஸ் பண்ணியது அந்த டொக்கியூமென்றையே. கோட்டைத் தாங்கின பைல் மூடினால் மிச்ச வரிகள் ஓடாது. ரெம்பிளேற்றுக்குள் (புது டொக்கியூமென்றுக்கு அச்சாக இருக்கிற பைல்) வைத்தாலும் இதே சிக்கல் வரலாம், அதை ஒட்டின கடைசி டொக்கியூமென்ற் மூடும்போது ரெம்பிளேற்றும் இறங்கிவிடும். கோட்டை மட்டும் தனி டொட்எம்மாக்கி (மக்ரோ உள்ள ரெம்பிளேற்) வேர்டின் ஸ்ரார்ட்அப் போல்டரில் போடுங்கோ. அந்தப் போல்டர் எது என்று தெரிய: பைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், கீழே பைல் லொக்கேஷன்ஸ். வேர்ட் திறந்திருக்கிற வரை அது ஏறியே இருக்கும்.

ஆனால் எனக்கு மூவ்பைலை விட லேசான வழி ஒன்று பிடிக்கும், டொக்கியூமென்றை மூடத் தேவையே இல்லை. முதலில் பெயரைப் பிடித்து வையுங்கோ, பிறகு எழுதுங்கோ. பைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட்டின் கிரியேட்டெக்ஸ்ட்பைலுக்கு முழுப் பாதையும் பெயரும் .டொக்எக்ஸோடு கொடுத்து, இரண்டாவது இடத்தில் ஃபோல்ஸ் என்று தவறாமல் எழுதுங்கோ. அந்தப் பெயர் இருந்தால் எரர் 58. இல்லாவிட்டால் 0 பைற் வெற்றுப் பைல் ஒன்று அந்தக் கணத்திலேயே உண்டாகும். மற்றக் கணினி அதே பெயரைக் கேட்டால் அதற்கு 58 கிடைத்து அடுத்த எண்ணுக்குப் போகும். வெற்றுப் பைலைக் குளோஸ் பண்ணிவிட்டு (மறந்தால் சேவ் "பாவனையில் இருக்கு" என்று மறுக்கும்) அதன் மேல் சேவ்அஸ்2. இங்கே மேலெழுதுவதுதான் நமக்குத் தேவை, மேலெழுதப்படுவது நாம் வைத்த வெற்றுப் பைல் மட்டும். கரன்ட் போனால் 0 பைற் பைல் ஒன்று மிஞ்சும், அளவுப்படி அடுக்கினால் உடனே தெரியும், அழிக்கலாம்.

அடையாள அட்டை இலக்கம் வேண்டாம். ஒன்று, அது மற்றவரின் தனிப்பட்ட விபரம், பொதுப் போல்டரில் பெயர்ப் பட்டியலாகத் தொங்கக் கூடாது. இரண்டு, அது ஆளைத்தான் குறிக்கும், கடிதத்தை அல்ல; அதே ஆள் ஒரே நாளில் இரண்டு கடிதம் அடித்தால் திரும்ப மோதல். மூன்று, ஒரே ஆளிடம் ஒன்பது இலக்கமும் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டையும் இருக்கலாம், பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையும் இருக்கலாம், தேடும்போது எதைத் தேடுவது? பெயர், திகதி, தொடர் எண் போதும்.

இனி மூலப் பைல் மாறுகிற விஷயம். இதற்கு மக்ரோ இரண்டாம் பட்சம். மூலத்தை டொக்எம்மாக வைத்திருப்பதுதான் கோளாறு. எப்12 அடித்து வகையை வேர்ட் மக்ரோ எனேபிள்ட் ரெம்பிளேற் என்று மாற்றி டொட்எம்மாகச் சேமியுங்கோ. டொட்எம்மை டபிள் கிளிக் பண்ணினால் மூலம் திறக்காது. அதன் அச்சில் பெயரில்லாத புது டொக்கியூமென்ற்தான் வரும். பிள்ளை கொன்ட்ரோல் எஸ் அடித்தாலும் வேர்ட் "எங்கே, என்ன பெயரில்?" என்று கேட்கும். வலது கிளிக் பண்ணி ஓப்பின் கொடுத்தால் மட்டும் மூலமே திறக்கும், வேர்டுக்குள் பைல், ஓப்பின் வழியாகப் போனாலும் அப்படியே. மக்ரோவால் திறப்பதென்றால் டொக்கியூமென்ற்ஸ் ஓப்பின் அல்ல, டொக்கியூமென்ற்ஸ் அட்.

அந்த ஓட்டையையும் அடைக்க, மூலங்கள் இருக்கிற போல்டரைத் தனியாக்கி, வேலை செய்கிறவர்களின் விண்டோஸ் கணக்குக்கு அதில் வாசிக்கிற உரிமை மட்டும் கொடுங்கோ: போல்டரில் வலது கிளிக், புரொப்பர்ட்டீஸ், செக்கியூரிட்டி. உங்கள் கணக்குக்கு மட்டும் எழுதும் உரிமை. ரீட் ஒன்லி டிக்கும் உதவும், ஆனால் யாரும் அதை எடுத்துவிடலாம்.

கொன்ட்ரோல் எஸ்ஸையும் பட்டனின் வேலைக்கே கொண்டுவர விரும்பினால், ஸ்ரார்ட்அப் டொட்எம்முக்குள் பைல்சேவ் என்ற பெயரில் ஒரு சப் எழுதுங்கோ. வேர்ட் தன் சொந்தக் கட்டளைக்குப் பதில் அதை ஓட்டும்; பைல்சேவ்அஸ் என்று எழுதினால் எப்12உம் அப்படி. பைல்சேவுக்குள் அக்டிவ்டொக்கியூமென்றின் பாத் வெறுமையா என்று பாருங்கோ. வெறுமை என்றால் இன்னும் சேமிக்கப்படாத புதுசு, உங்கள் பெயரிடும் மக்ரோவைக் கூப்பிடலாம். வெறுமை இல்லாவிட்டால் சாதாரண சேவ். ஸ்ரார்ட்அப்பில் இருக்கிறபடியால் அந்தக் கணினியில் திறக்கிற எல்லா டொக்கியூமென்றுக்கும் இது பொருந்தும், ஆகவே அற்றாச்ட்ரெம்பிளேற்றின் பெயர் உங்களுடையதா என்றும் ஒரு சோதனை வையுங்கோ.

இதை மட்டும் மறக்காதேங்கோ: மக்ரோ ஓடாத கணினியில் இந்தக் காவல் எதுவும் இல்லை. வட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்த டொட்எம்மில் விண்டோஸ் "இணையத்தில் இருந்து வந்தது" என்று அடையாளம் வைக்கும். 2022 இலிருந்து ஒபிஸின் புதிய பதிப்புகள் அப்படியான மக்ரோவை நேராகத் தடுக்கின்றன. பைலின் புரொப்பர்ட்டீஸில் அன்பிளொக் டிக் பண்ணியபின் பாவியுங்கோ. டொட்எம்மும் போல்டர் உரிமையும் மக்ரோ இல்லாமலே வேலை செய்யும் என்பதால்தான் அவற்றை முதலில் சொன்னேன்.

---

வலிகாமம்_விபிஏ

பெயரைப் பிடித்து வைக்கிற முறை எனக்கும் சரி. சேமித்து முடிந்த கடிதத்துக்கு இன்னொரு பூட்டும் போடலாம்: டொக்கியூமென்றை மூடியபின் பைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட்டின் கெட்பைல் வழியாக அற்றிபியூட்ஸை 1 ஆக்கினால் ரீட் ஒன்லி. பிறகு எந்த மக்ரோ அதன் மேல் சேவ்அஸ்2 செய்யப் பார்த்தாலும் எரர்தான் வரும். செற்அற்றர் பாவிக்க வேண்டாம், அதுவும் டிர் குடும்பம், தமிழ்ப் பெயரில் தடுமாறும்.

எச்சரிக்கை வாசகத்தைத் தமிழில் காட்டப் போகிறீர்கள் என்றால் எம்எஸ்ஜிபொக்ஸில் (விபிஏயின் செய்திப் பெட்டி) கேள்விக்குறி வரிசைதான் வரும், எடிற்றருக்குள் தமிழை ஒட்டினாலும் அப்படித்தான். டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல்லின் பொப்அப் தமிழைக் காட்டும்; வாசகத்தை சிஎச்ஆர்டபிள்யூ (எண்ணில் இருந்து எழுத்தைத் தரும் பங்ஷன்) எண்களாகக் கொடுக்க வேண்டும் (க என்றால் 2965), அல்லது ரெம்பிளேற்றுக்குள் ஒரு டொக்கியூமென்ற் வேரியபிளில் வைத்து எடுக்கலாம்.

தேடும்போது ஒரு சின்னத் தொல்லை: "கொ" என்பதை ஒரு கீபோர்ட் ஒற்றைக் குறியாக அடிக்கும், இன்னொன்று எகரக் குறியும் ஆகாரக் குறியுமாக இரண்டாக அடிக்கும். கண்ணுக்கு ஒன்று, விண்டோஸுக்கு இரண்டு வெவ்வேறு பெயர். மேலெழுதல் நடக்காது, ஆனால் "கொன்ஸ்ரன்ரைன்" இரண்டு தரம் 01 என்று நிற்பார். பெயரைத் துப்புரவாக்கும் இடத்திலேயே ரிப்ளேஸால் ஒற்றைக் குறிக்கு மாற்றிவிடலாம்: 3014உம் 3006உம் சேர்ந்து வந்தால் 3018. "கோ"வுக்கும் அப்படியே, 3015உம் 3006உம் சேர்ந்தால் 3019.

---

நல்லூர்_எக்ஸெல்

எக்ஸெல் பில் மக்ரோவையும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாக.

சேவ்அஸ் கேட்கிறது என்று நம்பி சேவ்கொப்பிஅஸ்ஸுக்கு மாறாதீர்கள். அது கேட்காது, நேராக மேலெழுதும். பக்கப் பிரதிக்கு அதைப் பாவிக்கிறவர்கள் பெயரில் நேரமுத்திரை போடாமல் விட்டால் பக்கப் பிரதி எப்போதும் ஒன்றுதான், அதுவும் கடைசியாகக் கெட்டுப்போனதின் பிரதி.

கெட்சேவ்அஸ்பைல்நேம் பெயரை மட்டும்தான் தரும், சேமிக்காது. பாவிப்பவர் கான்சல் அமத்தினால் திரும்பி வருவது ஃபோல்ஸ் என்ற பெறுமதி. அதை ஸ்ட்ரிங் மாறியில் வாங்கினால் சொல்லாக மாறிவிடும், ஆங்கிலத்தில் ஃபோல்ஸ் என்ற பெயரிலேயே ஒரு பைல் சேமிக்கப்படும், அடுத்த கான்சல் அதன் மேல். வேரியன்ட் மாறியில் வாங்கி, வகை பூலியனா என்று முதலில் பாருங்கள்.

மூலப் பில் பைலைப் பாதுகாக்க திஸ்வேர்க்புக்கில் பிபோர்சேவ் நிகழ்வு இருக்கிறது. அதில் திஸ்வேர்க்புக்கின் பெயர் மூலத்தின் பெயராக இருந்து, சேவ்அஸ்யுஐ (சேவ் அஸ் பெட்டி வருமா என்பது) ஃபோல்ஸாகவும் இருந்தால் கான்சலை ட்ரூ ஆக்குங்கள். மூலத்தை நீங்களே திருத்த வேண்டிய நாளில் இமீடியேட் ஜன்னலில் அப்ளிகேஷன் எனேபிள்ஈவென்ட்ஸை ஃபோல்ஸ் ஆக்கி, சேமித்துவிட்டு, திரும்ப ட்ரூ. திருப்பி வைக்க மறந்தால் எக்ஸெலை மூடும் வரை மற்றக் காவல்களும் வேலை செய்யாது. இதைவிட மூலத்தை எக்ஸ்எல்டிஎம் ரெம்பிளேற்றாக வைப்பது நிம்மதி.

சேவ்அஸ்ஸுக்குப் பைல்போர்மற்: எக்ஸ்எல்எஸ்எக்ஸுக்கு 51, எக்ஸ்எல்எஸ்எம்முக்கு 52. நீட்சியும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் 1004. "எரர் வருது, டிஸ்ப்ளேஅலர்ட்ஸை அணைத்துப் பார்ப்போம்" என்று பலர் தொடங்குவது இங்கேதான்.

---

இணுவில்_லிப்ரே

லிப்ரேஒபிஸ் பாவிக்கிறவர்களுக்கு இவ்வளவு சுற்றத் தேவையில்லை. ஸ்டோர்அஸ்யூஆர்எல்லுக்குக் (அங்கே சேமிக்கும் கட்டளை) கொடுக்கிற பண்புப் பட்டியலில் ஓவர்ரைட் என்று ஒரு பண்பு இருக்கு. கொடுக்காமல் விட்டால் ட்ரூ, மேலெழுதும். ஃபோல்ஸ் என்று கொடுத்தால் பைல் இருக்கும் பட்சத்தில் எரர் எறியும், ஒன் எரர் கோடூவால் பிடித்து எண்ணைக் கூட்டலாம். பாதையை கொன்வேர்ட்டூயூஆர்எல்லால் மாற்றிக் கொடுங்கோ. அங்கே பேசிக்கின் பைல்எக்ஸிஸ்ட்ஸும் தமிழ்ப் பெயரோடு பிரச்சினை தராது.

---

சுன்னாகம்_தட்டச்சு

பெயர் பிடிக்கும் முறை வேலை செய்யுது. மூன்று கணினியிலும் ஒரே பெயரில் ஒரே நேரம் அமத்தினோம், 01, 02, 03 என்று வந்தது. டொட்எம்மும் மாற்றியாச்சு.

கடைசியாக இரண்டு. சிலருக்கு பிடிஎப்பும் கொடுக்கிறோம், எக்ஸ்போர்ட்அஸ்பிக்ஸ்ட்போர்மற் பாவிக்கிறோம். அதுவும் மேலெழுதுமா? மற்றது, ஏற்கெனவே மேலெழுதப்பட்ட கடிதங்களை மீட்க ஏதாவது வழி?

---

கொக்குவில்_நெற்வேர்க்

பிடிஎப்பும் கேட்காமல் மேலெழுதும். தனியாக எண் தேட வேண்டாம். டொக்எக்ஸுக்குப் பிடித்த பெயரின் கடைசி ஐந்து எழுத்தை வெட்டி .பிடிஎப் ஒட்டுங்கள், கடிதமும் பிடிஎப்பும் ஒரே எண்ணில் நிற்கும். ஒரு பெயருக்கு ஒரு டொக்எக்ஸ்தான் என்று உறுதியானபடியால் பிடிஎப் மற்ற ஆளுடையதோடு மோதாது. அதே கடிதத்தைத் திருத்தித் திரும்ப பிடிஎப் எடுத்தால் மேலெழுதட்டும், அதுதான் தேவை. பழைய பிடிஎப் ரீடரில் திறந்திருந்தால் எரர் வரும். மக்ரோவை மாற்ற வேண்டாம், ரீடரை மூடிவிட்டுத் திரும்ப அமத்தினால் சரி.

மீட்பு: மேலெழுதப்பட்ட பைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நெற்வேர்க் போல்டர் என்றால் அழித்ததுகூடப் போகாது. வேர்டின் ஓட்டோ ரிக்கவரி சேமிக்காமல் மூடியதற்கு, இதற்கல்ல. பொதுப் போல்டர் இருக்கிற கணினியில் அந்தப் போல்டரை வலது கிளிக் பண்ணி ரிஸ்டோர் பிரீவியஸ் வேர்ஷன்ஸ் பாருங்கள். பைல் ஹிஸ்டரி அல்லது ரிஸ்டோர் பொயின்ட் முன்பே போட்டிருந்தால்தான் ஏதாவது இருக்கும். வெறுமையாக இருந்தால் பிறின்ற் எடுத்த தாளின் கொப்பி வாடிக்கையாளரிடம் இருக்கும், அதை வாங்கி ஸ்கேன் பண்ணி அடிப்பதுதான் விரைவு.

இனிமேலுக்கு: வேர்ட் ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், சேவ் பகுதியில் ஓல்வேய்ஸ் கிரியேட் பக்கப் கொப்பியை டிக் பண்ணினால் ஒவ்வொரு சேவிலும் முந்தைய நிலை டபிள்யூபிகே நீட்சியோடு பக்கத்தில் நிற்கும். ஒரு முந்தைய நிலை மட்டும்தான், அடுத்த சேவில் அதுவும் மாறும். பொதுப் போல்டர் இருக்கிற கணினியில் பைல் ஹிஸ்டரியை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குப் போட்டுவிடுங்கள். சும்மா விட்டால் மணிக்கு ஒருமுறை எடுக்கும். அட்வான்ஸ்ட் செற்றிங்ஸில் 10 நிமிடம் வரை குறைக்கலாம். பைல் ஹிஸ்டரி சாதாரணமாக லைப்ரரிகளையும் டெஸ்க்டொப்பையும்தான் எடுக்கும், டி டிரைவில் இருக்கிற பொதுப் போல்டரை நீங்களே சேர்க்க வேண்டும்.